பனியில் வளர்த்த கன்னிக்கால்

இது நடந்தது ரொறன்ரோவில், போன வருடத்துக்கு முந்தின பனிக்காலத்தில். நாங்கள் இருப்பது அஜின்கோர்ட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில். சின்ன வீடுதான், ஆனால் தெற்குப் பக்கம் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. அந்த ஜன்னல் இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற எதுவுமே நடந்திருக்காது.

மகளுக்குக் கலியாணம் பேசி முடித்ததும் முதலில் தேடியது ஹோல், கலியாண மண்டபம். இந்த ஊரில் மாப்பிள்ளை கிடைத்தாலும் ஹோல் கிடைக்காது. நாங்கள் ஆசைப்பட்ட இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு சனிக்கிழமையும் காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "ரெண்டு வருஷமா? அதுக்குள்ள ஒரு மரமே வளர்க்கலாம் அம்மா" என்று மகள் சிரித்தாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களின் கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்பு வீட்டில் கன்னிக்கால் ஊன்றுவார்கள். முள்முருக்கில் ஒரு தடி வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வீட்டின் வடகிழக்கு மூலையில் நடுவார்கள். பிறகு சுமங்கலிப் பெண்கள் மூன்று பேர் அதற்குப் பால் ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் கல்யாண முருங்கை என்று சொல்கிற அதே மரம்தான். ரொறன்ரோவில் அந்த மரத்துக்கு எங்கே போவது? சில வீடுகளில் ஐயரே ஒரு தடியைக் கொண்டுவந்துவிடுவார். வர்ணம் பூசிய, எத்தனையோ கலியாணம் கண்ட தடி. சடங்கு முடிந்ததும் துடைத்துக் காரில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் அந்தத் தடியைக் கிட்ட நின்று பார்த்தேன். வேறு யாரோ வீட்டு மஞ்சள் அதில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. என் பிள்ளைக்கு இந்தத் தடி வேண்டாம் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

என் கணவர் இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. கலியாண வேலை முழுவதும் என் தலையிலும் மகளின் தலையிலும்தான். அதில் மரம் வளர்க்கிற வேலையும் சேர்ந்தது.

விதை விற்கும் ஓர் இணையக் கடையில் முருக்கம் விதை இருந்தது. கருஞ்சிவப்பாக, கல்லுப்போல ஒரு கைப்பிடி விதை தபாலில் வந்தது. மண்ணில் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கிளறி எடுத்துப் பார்த்தால் போட்டது போட்டபடி மினுங்கிக்கொண்டு கிடந்தது. தோல் அவ்வளவு தடிப்பு. மகளின் நகம் தேய்க்கிற அரத்தை எடுத்து ஒவ்வொரு விதையிலும் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்தேன். பிறகு சுடுதண்ணீரில் ஊறவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் விதை இரண்டு மடங்காக ஊதியிருந்தது. ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஓட்டை போட்டு மண் நிரப்பி நட்டேன். கிழமை ஒன்று போகமுதல் முளைகள் வளைந்த முதுகோடு வெளியே வந்தன. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அன்று பால்புக்கை பொங்கினேன்.

வெயில் காலம் முழுவதும் பல்கனியில் நின்று கிடுகிடுவென வளர்ந்தன. முதல் குளிர்காலம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். வெளியே உள்ள குளிர்தான் மரத்துக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் நிற்கும் மரத்துக்கு ஹீற்றரின் சூட்டுக்காற்று அதைவிட மோசம். காற்று காய்ந்துபோக, இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் வந்துவிடும். இலை மங்கி, புள்ளி புள்ளியாக வெளுத்து, மெல்லிய வலை கட்டும். அப்படி இரண்டு கன்றுகள் போயின. இன்னும் சிலவற்றை நானே ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக் குளிரில் கருக்கிவிட்டேன். கடைசியில் மிஞ்சியது ஒன்று. அதை மட்டும் விடுவதில்லை என்று நின்றேன். கண்ணாடியில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். மேலே ஒரு விளக்குப் பூட்டினேன். கீழே தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டுப் பூச்சாடியை அதற்கு மேலே வைத்தேன். கிழமைக்கு ஒருமுறை குளியலறைக்குத் தூக்கிப்போய், இலையின் அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து ஷவரில் கழுவினேன்.

"மரத்துக்கு முழுக்கோ அம்மா? எனக்கே ஹொட் வோட்டர் காணாது" என்று மகள் கத்துவாள். வேலையிடத்தில் கூட வேலை செய்யும் பெண்களும், கனடாவில் முருக்கு வளர்க்கிறவளுக்கு மூளை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு யாராவது முடியாது என்று சொன்னால்தான் கை சுறுசுறுப்பாக ஓடும்.

இரண்டாவது குளிர்காலம் வந்தபோது மரம் என் தோளுக்கு வந்துவிட்டது. தண்டு பெருவிரலைவிடத் தடிப்பு, உடம்பெல்லாம் முள். வீட்டுக்குள் கொண்டுவந்து கொஞ்ச நாளில் இலை எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. மகள் பயந்துபோனாள். முருக்கு இலையுதிர்த்துத் தூங்குகிற மரம் என்று சொல்லி, நகத்தால் பட்டையை மெல்லக் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை. தூங்குகிற மரத்துக்குத் தண்ணீர் அதிகம் கூடாது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு குவளை, அவ்வளவுதான்.

தை மாதம் லண்டனில் என் தங்கைக்கு ஒப்பரேஷன். நான் போகவேண்டி வந்தது. தண்ணீர் ஊற்றும் முறையை மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்தேன். மரம் இல்லை. கூழாங்கல் தட்டு மட்டும் இருந்தது.

"மாமி வந்து கொண்டுபோனவ அம்மா" என்றாள் மகள். மாமி என்றால் அவளுடைய அப்பாவின் அக்கா, எனக்கு மச்சாள். மோர்னிங்சைட்டில் சொந்த வீடு, புருஷன், பிள்ளைகள் என்று நிறைவாக இருப்பவர். "கலியாணத்துக்கு ஊண்டுற கால் சுமங்கலி கையில வளரவேணுமாம். மிச்ச நாள் தன்ர வீட்டில நிக்கட்டும் எண்டு சொன்னவ."

"நீ ஓம் எண்டிட்டியோ?"

"எனக்கு அதின்ர மீனிங் தெரியாது அம்மா. மாமி ஹெல்ப் பண்ணுறா எண்டுதான் நினைச்சன்."

இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு எப்படித் தெரியும்? அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. அரத்தால் விதையைத் தேய்த்த கை, முள்ளுக் கிழித்த கை, இரண்டு பனிக்காலம் மரத்தைக் குளிப்பாட்டிய கை. அந்தக் கையில் என்ன குறை?

அடுத்த நாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன். மகள் காரோடு வேலைக்குப் போயிருந்தாள். பின்னேரம் தான் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். எனக்குப் பின்னேரம் வரை பொறுக்க முடியவில்லை. கடைக்குச் சாமான் வாங்கப் போகும் இரண்டு சில்லு வண்டிலில் ஒரு கம்பளிப் போர்வையும் பெரிய கறுப்புக் குப்பைப் பைகளும் போட்டுக்கொண்டு, ஷெப்பர்ட் வீதி பஸ் பிடித்துப் போய் இறங்கினேன்.

மச்சாள் கதவைத் திறந்து திகைத்துப்போனார். "என்ன, சொல்லாமல் கொள்ளாமல்? வாரும், வாரும். லண்டனில எல்லாரும் சுகமே?"

"ஓம், சுகம். மரம் எங்கை மச்சாள்?"

மரம் அவருடைய வரவேற்பறையில், நிலத்தில் சூட்டுக்காற்று வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றது. பித்தளைத் தாம்பாளத்துக்கு மேலே பூச்சாடி. தண்டில் குங்குமம், இடுப்பில் மஞ்சள் துணி. பார்த்தால் ஏதோ கோயில் மாதிரி இருந்தது. கிட்டப் போனதும் புளித்த மணம் மூக்கில் அடித்தது. மண்ணுக்கு மேலே வெள்ளைப் பூஞ்சணம். விரலை விட்டால் சேறு.

"வெள்ளிக்கு வெள்ளி பால் ஊத்தினனான். ஒவ்வொரு நாளும் மஞ்சள் தண்ணி. இலை ஒண்டும் இல்லாமல் பாவமாக் கிடந்தது" என்றார் மச்சாள். உண்மையாகவே பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ஏன் மச்சாள் கொண்டுவந்தனீங்கள்?"

"நான் பிள்ளைக்கு நல்லது நினைச்சுத்தான். நீர் கஷ்டப்பட்டு வளர்த்தது சரி, நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா நல்ல காரியம். அதுக்கு ஒரு… உமக்குச் சொல்லித் தெரியவேணுமே."

"சொல்லுங்கோ. தாலி இல்லாதவளின்ர கை ஆகாது எண்டு சொல்லுங்கோ. அந்தச் சொல்லை ஏன் வாய்க்குள்ள வைச்சிருக்கிறியள்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"தாலி கட்டின உங்கட கைதான் இப்ப இதின்ர வேரை அழுக வைச்சிருக்கு."

அவருடைய முகம் கறுத்துவிட்டது. வரவேற்பறைச் சுவரில் என் கணவரின் படம் மாலையோடு தொங்கியது. அதற்குக் கீழே நின்றுதான் நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தோம். படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது என்று அடக்கிக்கொண்டேன்.

"அவர் எனக்குப் புருஷன், உங்களுக்குத் தம்பி. செத்தது ஒரே ஆள்தான் மச்சாள். உங்கட கைக்கு ஒண்டும் ஆகேல்லை. என்ர கைக்கு மட்டும் என்ன நடந்தது?"

நான் மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, தாம்பாளத்தில் வைத்தேன். மரத்துக்குப் போர்வை சுற்றி, தலைக்கு மேலே ஒன்று, காலுக்குக் கீழே ஒன்று என்று குப்பைப் பை போட்டு, வண்டிலில் தூக்கி வைத்தேன். ஈர மண்ணோடு பூச்சாடி பிணப் பாரம். ஒரு கை பிடித்துத் தாருங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, அவரும் வந்து பிடிக்கவில்லை.

வெளியே முகத்தை அறுக்கிற குளிர். வெப்ப நாட்டு மரத்துக்கு அந்தக் குளிரில் சில நிமிடம் நின்றாலே போதும், கதை முடிந்துவிடும். பஸ் தரிப்பில் என் ஜக்கெற்றைத் திறந்து, தண்டை என் உடம்போடு அணைத்து, முடிந்தவரை சிப்பை இழுத்துப் பூட்டினேன். முள் ஸ்வெட்டருக்குள்ளால் குத்தியது. போகிற வருகிற கார்க்காரர்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

பஸ் வந்தது. ஓட்டி வந்தவர் ஒரு கறுப்பினப் பெண், என் வயதுதான் இருக்கும். என்னையும் வண்டிலையும் குப்பைப் பையையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பஸ்ஸின் வாசலைத் தரையோடு தாழ்த்தி, சக்கர நாற்காலிக்காரருக்கு விரிக்கிற பலகையை எனக்காக விரித்தார். உள்ளே என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரம் என்றேன். உயிரோடு இருக்கிறதா என்றார். இன்னும் தெரியாது என்றேன். எதற்கு இந்தக் குளிரில் என்று கேட்க, மகளின் கலியாணத்துக்கு என்று சொன்னேன்.

"எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குக் கேக் கொண்டுபோவோம், அது சுலபம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்பக்கம் கதவுக் காற்றுப் படாத இருக்கையைக் காட்டி அங்கே இரு என்றார். எங்கே இறங்கவேண்டும் என்று கேட்க, எங்கள் கட்டடத்தைச் சொன்னேன். தரிப்பில் இருந்து எங்கள் கட்டடம் கொஞ்சம் நடக்கவேண்டும். அவர் தரிப்பைத் தாண்டி, தரிப்பே இல்லாத இடத்தில், எங்கள் கட்டடத்து வாசலுக்கு நேரே பஸ்ஸை நிறுத்திப் பலகையை விரித்தார். பின்னால் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். "அந்த மரத்துக்கு அவசரம்" என்று அவரைப் பார்த்துச் சொன்னார் அந்தப் பெண். அவரை நான் பிறகு ஒரு நாளும் காணவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கவேண்டும்.

குளியல் தொட்டியில் பழைய துணி விரித்து மரத்தைப் பூச்சாடியில் இருந்து கழற்றினேன். வேரில் பாதிக்கு மேல் கறுத்து, தொட்டால் தோல் வழுகிக் கையோடு வந்தது. அடித்தண்டிலும் ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. மகள் வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி விளிம்பில் இருந்து அழத் தொடங்கினாள். "சொரி அம்மா, ஐ ரியலி டிடின்ட் நோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அழுறதுக்குப் பிறகு நேரம் கிடக்கு. கையுறையைப் போட்டுக்கொண்டு தண்டைப் பிடி" என்றேன்.

அவள் பிடித்தாள். நான் கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, அழுகின வேரை எல்லாம் வெட்டினேன். மெத்தென்ற இடத்தைக் கத்தியால் சுரண்டி, நல்ல மரம் தெரியும் வரை எடுத்தேன். வெட்டின இடமெல்லாம் சமையலறைக் கறுவாப்பட்டைத் தூளைப் பூசினேன். கடையில் வாங்கிய புது மண்ணில் பாதிக்குப் பாதி பேர்லைற் என்கிற வெள்ளைக் கற்பொரி கலந்து, தண்ணீர் தேங்காதபடி, சின்னப் பூச்சாடியில் நட்டேன். தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை. ஜன்னலடியில் பழைய இடத்தில் வைத்தேன். அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? நான் மரத்தைத் தூக்கிக்கொண்டு போன விதத்தை மச்சாள் யாரிடமோ சொல்ல, அது கையும் காலும் முளைத்து ஊர் சுற்றியது. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் தெரிந்த பெண் ஒருவர் வந்து, "கன்னிக்காலுக்கு வளர்த்த மரம் பட்டுப்போச்சாமே? சகுனம் சரியில்லை போல. கலியாண நாளைக் கொஞ்சம் தள்ளி வைச்சால் என்ன?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா போன் எடுத்து, மிகவும் மரியாதையாக, ஐயர் கொண்டுவரும் தடியே நல்லது போல இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். பால் ஊற்றி அழுக வைத்த கதை யாருக்கும் தெரியாது. மரம் செத்தால் அதற்குக் காரணம் என் கை என்றுதான் பேசுவார்கள். என் பிள்ளை மணவறையில் இருக்கும்போதும் யாராவது பின் வரிசையில் இருந்து அதைக் குசுகுசுப்பார்கள். அவளுக்கு நாளைக்கு ஒரு சின்னத் தலையிடி வந்தாலும் அதற்கும் அந்த மரத்தைத்தான் இழுப்பார்கள். எனக்கு உண்மையில் பயம்தான். ஆனால் பயத்தைக் காட்டினால் மேலே ஏறி மிதிப்பார்கள்.

"மரம் பட்டாலும் அந்தப் பட்ட மரத்தைத்தான் நடுவன்" என்று சம்பந்தியிடம் சொன்னேன். "சரி, உங்கட விருப்பம்" என்றார்.

மாசி போனது, பங்குனியும் போனது. மரம் ஒரு முள்ளுத் தடியாக அப்படியே நின்றது. தினமும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பட்டையைக் கீறிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், ஆனாலும் கீறாமல் விட்டேன். இருக்கிற கொஞ்ச உயிரிலும் ஏன் காயம் வைக்கவேண்டும் என்று நினைத்தேன். மண் அடி வரை காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். வெளியே ஸ்னோ உருகி வாகனத் தரிப்பிடத்தில் அழுக்குத் தண்ணீராக ஓடத் தொடங்கிய ஒரு காலை, நுனியில் இருந்து ஒரு சாண் கீழே, முள்ளுக்குப் பக்கத்தில், பயறு அளவில் ஒரு மொட்டு. தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. நித்திரையில் இருந்த மகளை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவள் தலைமயிர் கலைந்தபடி நின்று பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அன்று இரண்டு பேரும் வேலைக்குப் பிந்தித்தான் போனோம்.

இதை நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பேசுகிறவர்கள் பேசட்டும், கால் ஊன்றும் அன்று கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டோம்.

அந்த நாளும் வந்தது. எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலையை மகள் போனில் திசை பார்த்துக் கண்டுபிடித்தாள். சப்பாத்துத் தட்டு வைக்கிற இடம்! தட்டை அப்புறப்படுத்தி, துடைத்து, கோலம் போட்டு, மண் நிரப்பிய பெரிய பூச்சாடியை வைத்தோம். மரத்தின் மேல் பாதியை, புது இலையோடு, காலையில் நானே வெட்டினேன். கீழ்ப் பாதி ஜன்னலடியில் தொடர்ந்து வளரட்டும் என்று விட்டேன். கால் ஊன்ற என் தம்பி வந்திருந்தான். மச்சாள் பட்டுச் சேலையும் கையில் பித்தளைச் செம்புமாக வந்தார். பச்சை இலையைப் பார்த்ததும் வாசலிலேயே ஒருகணம் நின்றுவிட்டார். என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஐயர் மந்திரம் சொன்னார், தம்பி தடியை நட்டான். "மூண்டு சுமங்கலிகள் வாங்கோ" என்றார் ஐயர். மச்சாள் முன்னுக்கு வந்தார். அவருக்கு முன்னால் நான் போய் நின்று, தட்டில் இருந்த பால் செம்பை எடுத்தேன்.

வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு மூதாட்டி "பிள்ளை, நீர்…" என்று தொடங்கினார். அப்போதுதான் மகள் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்த மரத்தை விதையில இருந்து வளர்த்தது அம்மா. செத்துப்போக இருந்ததைக் காப்பாத்தினதும் அம்மா. அம்மா ஊத்தாட்டி இந்த வெடிங்குக்குக் கால் வேண்டாம். ஓகே?"

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். அவர் சாஸ்திரம் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். அவர் போனில் நேரத்தைப் பார்த்தார். "தாய் ஊத்துறதுக்கு ஆர் தடை சொல்லுறது? ஊத்துங்கோ அம்மா, கெதியா ஊத்துங்கோ. எனக்கு மார்க்கம் சிற்றியில இன்னொரு வீட்டுக் கால் கிடக்கு" என்றார்.

ஊற்றினேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. ஊற்றி முடித்துத் திரும்பினால் மச்சாள் செம்போடு அப்படியே நின்றார். என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. பாவமாக இருந்தது. அவருக்கும் அது இறந்துபோன தம்பியின் பிள்ளை.

"வாங்கோ மச்சாள், நீங்களும் ஊத்துங்கோ" என்றேன். "இந்த முறை கொஞ்சமா."

முதலில் சிரித்தது மச்சாள்தான். அதற்குப் பிறகு வீடே சிரித்தது.

கலியாணம் நன்றாக நடந்தது. நட்ட தடியும் வேர்விட்டு இப்போது மகளின் வீட்டில் நிற்கிறது. அதை வைத்து என் கை ராசியான கை என்று சிலர் பேசுவதாகக் கேள்வி. அந்தப் பட்டமும் எனக்கு வேண்டாம். மண்ணும் வெளிச்சமும் அளவான தண்ணீரும் கிடைத்தால் மரம் வளரும். அந்த மரத்துக்குத் தெரிந்த ஒரே தோஷம் சிலந்திப்பேன். என் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று அது ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

போன கிழமை மச்சாள் போன் எடுத்தார். அவருடைய மகனுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. சுற்றி வளைத்துக் கதைத்துவிட்டு, கடைசியில், "உம்மட மரத்தில ஒரு தடி தருவீரோ?" என்று கேட்டார்.

"தாறன் மச்சாள். ஆனா நானே கொண்டுவந்து, முன்னுக்கு நிண்டு, முதல் பால் நான்தான் ஊத்துவன்."

"பின்ன, நீர் வராமல் ஆர் வாறது? வெள்ளனவே வாரும்" என்றார்.

போகத்தான் போகிறேன். இரண்டு பனிக்காலம் ஒரு உயிரைக் காப்பாற்றி வைத்திருந்த கை இது, இனி எந்தக் கலியாண வீட்டிலும் இதைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு பின் வரிசையில் நிற்கமாட்டேன்.